"பேரென்ன... எந்த ஊரு?": ரசிகரின் பெயரையும் பேச்சையும் மேடையில் கிண்டல் செய்யலாமா?

ஸ்டாண்ட்-அப் காமெடி ஷோ நடக்கிறது. மேடையில் இருப்பவர் முதல் வரிசையைப் பார்த்து, "பேரென்ன ப்ரோ?" என்கிறார். "முனியாண்டி" என்று பதில் வருகிறது. "பிரியாணி கடையை யார்கிட்ட விட்டுட்டு வந்தீங்க?" அரங்கமே சிரிக்கிறது. முனியாண்டியும் சிரிக்கிறார். "எந்த ஊரு?" அவர் ஊர் பெயரைச் சொன்னதும் அந்த ஊர் ஸ்லாங்கில் நாலு வரி. மறுபடி சிரிப்பு. அடுத்த ஆள்.

மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அடுத்த வாரம் அது ரீல்ஸில் வருகிறது. முனியாண்டியின் அலுவலக வாட்ஸ்அப் குரூப்பிலும் வருகிறது. அன்றிலிருந்து அவர் அங்கே 'பிரியாணி'.

இது உதாரணத்துக்குச் சொன்ன காட்சிதான். ஆனால் மொபைலில் பத்து நிமிஷம் ஸ்க்ரோல் செய்தால் இதே மாதிரி நாலு வீடியோவாவது கண்ணில் படும். காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வந்தவரின் பெயரையும், அவர் பேசும் தமிழையும் வைத்து ஜோக் அடிக்கலாமா? "காமெடியை காமெடியா பாருங்க" என்கிறது ஒரு தரப்பு. "என் பேரு உனக்கு காமெடியா?" என்கிறது இன்னொரு தரப்பு. இதில் என்னதான் சிக்கல்? விரிவாகப் பார்க்கலாம்.

க்ரவுட் வொர்க்: அப்படின்னா என்ன?

காமெடியன்கள் எழுதி, பல மேடைகளில் சொல்லிப் பார்த்து, திருத்தி வைத்திருக்கும் ஜோக்குகளை 'மெட்டீரியல்' என்பார்கள். ஒரு மணி நேரத்துக்குத் தேவையான நல்ல மெட்டீரியல் தயாராக ஒரு வருஷம்கூட ஆகலாம். அதை யூடியூபில் போட்டுவிட்டால் கதை முடிந்தது. பிடித்த பாட்டை நூறு முறை கேட்போம். அதே ஜோக்கை இரண்டாவது முறை கேட்டால், "இதை ஏற்கெனவே பார்த்தாச்சே" என்போம்.

ஆனால் இன்ஸ்டாகிராமுக்கு வாரா வாரம் புது வீடியோ வேண்டும். மெட்டீரியலையும் செலவழிக்கக் கூடாது, வீடியோவும் போட வேண்டும் என்றால் என்ன வழி? ரசிகர்களோடு பேசுவதைப் படம் பிடித்துப் போடுவதுதான். இதற்குத்தான் க்ரவுட் வொர்க் என்று பெயர். அமெரிக்காவின் மேட் ரைஃப் 2022-ல் டிக்டாக்கில் பரவியதே இந்த மாதிரி க்ளிப்கள் மூலம்தான். அவருக்கு ரொம்ப முன்னாலேயே இதில் பெயர் எடுத்தவர் கனடாவின் ரஸ்ஸல் பீட்டர்ஸ். இந்தியாவிலிருந்து குடியேறிய ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்துப் பிள்ளை. 2004-ல் அவர் கனடா டிவியில் செய்த நிகழ்ச்சி பின்னால் யூடியூபில் பரவி, உலகம் முழுக்க அவருக்கு ரசிகர்களைக் கொடுத்தது. முன்வரிசையில் இருப்பவரிடம் பெயர் கேட்பது, எந்த நாடு என்று கேட்பது, அந்த நாட்டு ஆங்கிலத்தைப் பேசிக் காட்டுவது என்பதுதான் அவர் பாணி.

சரி, ஏன் பேரையும் ஊரையும்தான் முதலில் கேட்கிறார்கள்? பதில் தெரியாதவர் யாரும் இல்லை என்பதுதான் காரணம். "உங்க வாழ்க்கையில மறக்க முடியாத நாள் எது?" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் யோசிக்க ஆரம்பித்துவிடுவார், ஷோ அப்படியே நின்றுவிடும். பேரும் ஊரும் ஒரு நொடியில் வந்துவிடும். பதில் வந்ததும் அடிக்க, கையில் ரெடியாக வரிகள் இருக்கும். ஐ.டி. என்றால் ஒரு வரி, கோயம்புத்தூர் என்றால் ஒரு வரி, ரொம்ப நீளமான பெயர் என்றால் ஒரு வரி. அந்த நொடியில் தோன்றியது போலத் தெரிவதில் ஒரு பங்கு ஏற்கெனவே பத்து ஊரில் சொன்னதாகவே இருக்கும்.

காமெடியன்கள் தரப்பு என்ன சொல்கிறது?

அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முன்வரிசையில் உட்கார்ந்தால் கேள்வி வரும் என்பது தெரிந்த விஷயம். கேட்கட்டும் என்றே அந்த டிக்கெட்டை வாங்குபவர்களும் உண்டு. நண்பனின் பிறந்தநாளுக்குக் கூட்டிவந்து, "அண்ணே, இவனைக் கேளுங்க" என்று கை காட்டுபவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

அதோடு, விட்டுவிட்டுப் போவதும் ஒருவகையில் ஒதுக்குவதுதான் இல்லையா? வரிசையில் இருக்கும் எல்லோரையும் கிண்டல் செய்துவிட்டு, ஒருவரிடம் மட்டும் "ஓகே, நன்றி" என்று நகர்ந்தால் அவருக்கு எப்படி இருக்கும்? ரஸ்ஸல் பீட்டர்ஸ் ஷோவில், "எங்க நாட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே" என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்களும் இருப்பார்கள். சீண்டலே ஒரு வரவேற்பு என்பது நம் ஊர் கல்யாண வீடுகளுக்குத் தெரியாததா என்ன? மாமன் மச்சானைக் கிண்டல் செய்யவில்லை என்றால்தான் ஏதோ மனஸ்தாபம் என்று அர்த்தம்.

ஆனால் மச்சான் பதிலுக்கு ஒன்று போடுவார். அரங்கில் மைக் ஒருவர் கையில்தான் இருக்கிறது. வெளிச்சமும் அவர் மேல்தான். "வேண்டாம்" என்று சொன்னாலும் அதுவே அடுத்த ஜோக் ஆகிவிடும். கூட வந்த நண்பர்கள், "என்னடா, கொஞ்சம்கூட ஸ்போர்ட்டிவ் இல்லையே" என்பார்கள். அதனால் கிண்டலுக்கு ஆளானவர் சிரித்தார் என்பதை வைத்து அவருக்குப் பிடித்தது என்று முடிவுகட்ட முடியாது. அந்த இடத்தில் சிரிப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை.

பெயரில் என்ன இருக்கு?

நிறையவே இருக்கு. அதுவும் தமிழ்ப் பெயர்களில்.

போதும்பொண்ணு என்று ஒரு பெயர் உண்டு. கேட்டவுடன் சிரிப்பு வரும். மைக் கையில் இருப்பவருக்கு இதைவிட ஈசியான ஜோக் கிடைக்காது. அடுத்தடுத்து பெண் குழந்தையாகப் பிறந்த வீட்டில், "இனி பொண்ணு போதும்" என்று வைத்த பெயர் அது. திருத்தணி பக்கத்துக் கிராமங்களில் 'வேண்டாம்' என்றே பெண்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ரேஷன் கார்டில், பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில், மார்க் ஷீட்டில் எல்லாம் 'வேண்டாம்'. தினமும் காலையில் டீச்சர் அந்தப் பெயரைக் கூப்பிட, "உள்ளேன் டீச்சர்" என்று எழுந்து நின்ற பெண், இருபது வருஷம் கழித்து ஒரு அரங்கில் உட்கார்ந்திருக்கிறாள் என்று வையுங்கள். அவளிடம் மைக் நீட்டி, "பேரென்ன சிஸ்டர்?" என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்?

குப்புசாமி, குப்பம்மாள், பிச்சை, மண்ணாங்கட்டி ஆகிய பெயர்களும் இப்படித்தான். சினிமாவில் இந்தப் பெயர்கள் வந்தாலே காமெடி கேரக்டர் என்று நமக்குப் பழக்கிவிட்டார்கள். குழந்தைகள் பிறந்து பிறந்து இறந்துபோன வீடுகளில், அடுத்துப் பிறந்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்து குப்பு என்று பெயர் வைத்தார்கள். இன்னொருவர் கையில் கொடுத்து, பிச்சையாகத் திரும்ப வாங்கி, பிச்சை என்று பெயர் வைத்தார்கள். மதிப்பில்லாத பொருள் என்று நினைத்து எமன் விட்டுவிட்டுப் போவான் என்ற நம்பிக்கை. அந்தப் பெயருக்குள் ஒரு தாயின் பயம் இருக்கிறது. (கூகுள் தலைவரின் பெயரில் ஒட்டியிருப்பதும் அதே 'பிச்சை'தான். அவரை யாரும் மேடையில் வைத்து அந்தக் கேள்வி கேட்பதில்லை.)

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் ஜோக் அடிக்க வேண்டுமா என்று கேட்கலாம். அவசியமில்லை. ஆனால் ஒரு விஷயம் எல்லாப் பெயருக்கும் பொதுவானது: அதை வைத்துக்கொண்டவர் தேர்ந்தெடுத்தது இல்லை. சட்டை, ஹேர் ஸ்டைல், முன்வரிசை டிக்கெட் எல்லாம் நாமே எடுத்த முடிவுகள். அதைக் கிண்டல் செய்தால், "அட, மாட்டிக்கிட்டோமே" என்று சிரிக்கலாம். பெயரை வைத்தவர்கள் அந்த அரங்கில் இருப்பதில்லை. பலருக்கு அவர்கள் உயிரோடும் இல்லை.

"எந்த ஊரு?" ஏன் சாதாரணக் கேள்வி இல்லை?

பல மாநிலங்களில் பெயருக்குப் பின்னால் வரும் குடும்பப் பெயரே சாதியைச் சொல்லிவிடும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் இனிஷியல்தான். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டங்களை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அந்தப் பழக்கம் மெல்ல ஊர் முழுக்கப் பரவியதால்தான், இன்று நம்மில் பலருடைய பெயரைக் கேட்டால் சாதி தெரியாது.

ஆனால் தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. "எந்த ஊரு? ஊருல எந்தப் பக்கம்? கோயில் தெருவா, அதுக்கு அந்தாண்டயா?" வாடகைக்கு வீடு தேடிப் போனவர்கள் எல்லோருக்கும் இந்த வரிசை தெரியும். புது ஆபீஸில் முதல் நாள் சாப்பிடும்போதும் இது வரும். கேட்பவர் எதார்த்தமாகக் கேட்டிருக்கலாம். பதில் சொல்பவர் மனதில் ஒரு கணக்கு ஓடும்: மாவட்டத்தோடு நிறுத்தலாமா, தாலுகா வரை சொல்லலாமா?

மேடையில் கேட்கப்படும் "பேரென்ன, எந்த ஊரு?" என்பது வார்த்தைக்கு வார்த்தை அதே கேள்விதான். கேட்பவருக்கு அது ஜோக்குக்கான வாசல். எதிரில் இருப்பவர் இருநூறு பேர் முன்னால், வெளிச்சத்தில், ஒரு நொடிக்குள் அந்தப் பழைய கணக்கைப் போட வேண்டியிருக்கிறது. அடுத்து, "ஓ, அந்த ஊரா? அருவா எங்கே?" என்று வந்தால் சொல்லவே வேண்டாம். தென்மாவட்டம் என்றாலே அருவா, மதுரை என்றாலே ரவுடி என்ற ஜோக்குகளை சினிமா எத்தனை வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

ஸ்லாங்கை கிண்டல் செய்வது புதுசா?

இல்லவே இல்லை. தமிழ் சினிமா காமெடியில் பாதி பேச்சு வழக்கில்தான் ஓடுகிறது. 1958-ல் வந்த 'சபாஷ் மீனா'வில் சந்திரபாபு ரிக்‌ஷாக்காரராக மெட்ராஸ் பாஷை பேசினார். லூஸ் மோகனுக்கு அந்த பாஷையேதான் அடையாளம். 'சதி லீலாவதி'யில் கோவை சரளா பேசிய கொங்குத் தமிழ் இன்றைக்கும் மீம் ஆகிறது. வடிவேலுவின் மதுரைத் தமிழைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஒரு வித்தியாசம் கவனிக்கணும். கோவை சரளா கோவைக்காரர். வடிவேலு மதுரைக்காரர். தங்கள் வீட்டுத் தமிழை அவர்கள் வெளியே கொண்டுவந்தார்கள். அந்தத் தமிழ் பேசுகிறவர்தான் அங்கே காட்சியின் ராஜா. மெட்ராஸ் பாஷைக்கு அப்படி நடக்கவில்லை. அது ரொம்ப காலம் ரிக்‌ஷாக்காரருக்கும் ரவுடிக்கும் மட்டும் ஒதுக்கப்பட்ட தமிழாகவே திரையில் இருந்தது. வடசென்னையில் பிறந்து வளர்ந்த ஒருவர் இன்டர்வியூவில் "இன்னா" என்ற சொல் வாயில் வந்துவிடக் கூடாது என்று பயந்ததற்கு இலக்கணம் மட்டும் காரணம் இல்லை.

நம்மை மற்றவர்கள் இப்படிக் காட்டியபோது நமக்குக் கோபம் வந்தது. 1968-ல் வந்த 'படோசன்' இந்திப் படத்தில் மெஹ்மூத் ஒரு தமிழ்ப் பாட்டு வாத்தியாராக நடித்தார். அந்த இந்தி உச்சரிப்புதான் அங்கே காமெடி. 2013-ல் 'சென்னை எக்ஸ்பிரஸ்' படத்தில் தீபிகா படுகோன் பேசிய இந்தியைக் கேட்டு, "எந்தத் தமிழ்ப் பொண்ணு இப்படிப் பேசுது?" என்று இங்கே பலரும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதே நாம், ஹோட்டலில் தண்ணீர் வைக்கும் பீகார் பையனை 'வாழைப்பழம்' சொல்லச் சொல்லி மொபைலில் படம் எடுக்கிறோம். ழகரம் வராத தமிழ்நாட்டுக்காரர்கள் எத்தனையோ பேர். தமிழ் படித்த என் வகுப்பிலேயே பாதிப் பேருக்கு வராது. அந்தப் பையனிடம் மட்டும் ஏன் டெஸ்ட் வைக்கிறோம்?

உச்சரிப்பு டெஸ்ட் என்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இலங்கையில் ஒரு கொடூரமான உதாரணம் இருக்கிறது. 1983 ஜூலைக் கலவரத்தில், வாளியைக் குறிக்கும் 'பால்தி' போன்ற சிங்களச் சொற்களைச் சொல்லச் சொல்லி, நாக்கு புரளும் விதத்தை வைத்துத் தமிழர் யார் என்று அடையாளம் கண்டதாக உயிர் தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த நாட்டிலிருந்து தப்பி வந்த ஒருவருக்கு "உங்க பேச்சு வித்தியாசமா இருக்கே" என்ற வார்த்தை வேற மாதிரிதான் கேட்கும்.

2000-ல் வந்த 'தெனாலி'யில் கமல்ஹாசன் எதற்கெடுத்தாலும் பயப்படும் இலங்கைத் தமிழராக நடித்தார். படம் ஹிட். என்னோடு கல்லூரியில் படித்த தோழி ஒருத்தி அகதிகள் முகாமில் வளர்ந்தவள். முதல் வாரத்திலேயே யாரோ, "தெனாலி மாதிரி பேசு" என்றார்கள். பேசிக் காட்டினாள். எல்லோரும் கை தட்டினார்கள். இரண்டாவது செமஸ்டரில் அவள் சுத்தமான சென்னைத் தமிழுக்கு மாறியிருந்தாள். அம்மா போனில் வந்தால் மட்டும் வராண்டாவுக்கு எழுந்து போய்விடுவாள். 2025-ல் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'யில் சசிகுமார், சிம்ரன் குடும்பம் தங்கள் பேச்சு தங்களைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று பயப்படுவதைப் பார்த்தபோது எனக்கு அந்த வராண்டாதான் ஞாபகம் வந்தது. அந்தப் படத்திலும் சிரிப்பு இருக்கிறது. ஆனால் நாம் அந்தக் குடும்பத்தோடு வீட்டுக்குள் இருந்துகொண்டு சிரிக்கிறோம்.

எனக்கும் ஒரு தடவை நடந்தது

நான் கன்னியாகுமரி மாவட்டம். எங்கள் ஊரில் 'என்னுடைய வீடு' என்பதை 'எனக்க வீடு' என்போம். குதிப்பதை 'சாடுறது' என்போம். இரண்டு வருஷம் முன்னால் சென்னையில் ஒரு ஷோவுக்குப் போனபோது, மேடையில் இருந்தவர் என்னிடம் மைக் நீட்டினார். பதற்றத்தில் வாயில் வந்தது ஊர்த் தமிழ். "ப்ரோ, தமிழ்ல பேசுங்க ப்ரோ. மலையாளியா நீங்க?" செம சிரிப்பு. நானும் சிரித்தேன், கை தட்டினேன்கூட.

நடந்தது அவ்வளவுதான். பெரிய அவமானம் ஒன்றும் இல்லை. அந்த காமெடியனை இன்றும் யூடியூபில் பார்க்கிறேன், நல்லா பண்றார். ஆனால் அன்றிலிருந்து ஆபீஸ் மீட்டிங்கில் பேசும் முன்னால் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன். பி.ஏ. தமிழ் படித்துவிட்டு, தமிழில் எழுதிச் சம்பளம் வாங்கும் ஒருவனுக்கு, "தமிழ்ல பேசுங்க" என்ற அந்த ஒரு வரி மட்டும் இன்னும் போகவில்லை.

மைக் கையில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்?

2019-ல் அமெரிக்காவின் எலன் டிஜெனரஸ் நிகழ்ச்சிக்கு ஹசன் மின்ஹாஜ் விருந்தினராகப் போனார். அவருடைய பெயரை எலன் தவறாக உச்சரிக்க, அங்கேயே நிறுத்தி, சரியாகச் சொல்லும் வரை விடவில்லை. அதையே ஜாலியான காமெடியாகவும் மாற்றிவிட்டார். 2024 டிசம்பரில் கபில் சர்மா நிகழ்ச்சியில், பெரிய நடிகர்களைப் பார்க்கப் போகும்போது "அட்லீ எங்கே?" என்று கேட்பார்களா என்ற கேள்வி இயக்குநர் அட்லீயிடம் வைக்கப்பட்டது. இது தோற்றத்தைக் குத்திய கேள்வி என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள். ஏ.ஆர்.முருகதாஸ் தன் தோற்றத்தைப் பார்க்கவில்லை, கதையைத்தான் பார்த்தார் என்று அட்லீ நிதானமாகப் பதில் சொன்னார். அந்த வீடியோ வைரல் ஆனது. தோற்றத்தைக் கிண்டல் செய்யும் எண்ணம் தனக்கு இல்லை என்று கபில் பிறகு மறுத்தார்.

இருவருக்கும் கையில் மைக் இருந்தது, பெயரும் புகழும் இருந்தது. முன்வரிசை ரசிகருக்கு இரண்டும் இல்லை.

2020 அக்டோபரில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்த தேர்தல் கூட்டத்தில் செனட்டர் டேவிட் பெர்டியூ, கமலா ஹாரிஸின் பெயரை "கமலா-மலா-மலா" என்கிற மாதிரி இழுத்து, "என்னவோ ஒன்று" என்று முடித்தார். கூட்டம் சிரித்தது. மூன்று வருஷத்துக்கும் மேலாக அதே செனட்டில் கூட உட்கார்ந்தவரின் பெயர் அது. வாய் குழறிவிட்டது என்று அவர் தரப்பு விளக்கம் கொடுத்தது. அதற்குள் "என் பெயர் இதுதான்" என்று ஆயிரக்கணக்கானோர் தங்கள் பெயரையும் அதன் அர்த்தத்தையும் சமூக வலைதளங்களில் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களில் இந்திய வம்சாவளிக்காரர்கள் ஏராளம்.

அவர்கள் அவ்வளவு வேகமாகக் கோபப்பட்டதற்குப் பின்னால் இன்னொரு பெயர் இருக்கிறது: அப்பு. 'தி சிம்ப்ஸன்ஸ்' கார்ட்டூனில் 1990 முதல் வரும் இந்தியக் கடைக்காரர். வாயில் நுழையாத நீளத்தில் அவருக்கு ஒரு குடும்பப் பெயரை இட்டுக்கட்டினார்கள், அதுவே ஒரு ஜோக். குரல் கொடுத்தவர் வெள்ளைக்காரரான ஹாங்க் அசாரியா. ஒரு தலைமுறை இந்தியப் பிள்ளைகளை அமெரிக்கப் பள்ளிகளில் அந்தக் குரலை வைத்தே ஓட்டினார்கள். காமெடியன் ஹரி கொண்டபோலு 2017-ல் இதைப் பற்றி ஒரு ஆவணப்படமே எடுத்தார். 2020-ல் அசாரியா அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுப்பதிலிருந்து விலகினார். 2021-ல் வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார்.

அப்பு பாத்திரத்தை எழுதியவர்கள் யாரையும் காயப்படுத்தும் திட்டத்தோடு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். கடைக்கு வரும் ஒருவர் ஒருமுறை அந்தக் குரலில் பேசினால் அது சின்ன விஷயம்தான். ஒரே பையன் அதை எல்.கே.ஜி. முதல் பிளஸ் டூ வரை கேட்பதுதான் பிரச்னை. முனியாண்டிக்கும் அதேதான். அந்த காமெடியன் சொன்ன பிரியாணி ஜோக்கை அவர் வாழ்க்கையில் எத்தனையாவது முறையாகக் கேட்கிறார் என்று நினைக்கிறீர்கள்?

சட்டம் என்ன சொல்கிறது?

பெயரைக் கிண்டல் செய்யக் கூடாது என்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. ஸ்லாங்குக்கும் கிடையாது. ஆனால் கிண்டல் சாதியைத் தொட்டால் கதை வேறு. பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3-வது பிரிவு, பொதுப் பார்வையில் படும் இடத்தில் அவர்களை வேண்டுமென்றே அவமானப்படுத்துவதையும், சாதிப் பெயரைச் சொல்லி இழிவாகப் பேசுவதையும் குற்றம் என்கிறது. "ஜோக்குக்குத்தான் சொன்னேன்" என்று சொல்லித் தப்பிக்கலாம் என யாரும் நம்பி இருக்க முடியாது.

நீதிமன்றங்கள் ஒரே மாதிரி பார்ப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிகளைக் கிண்டல் செய்த விவகாரத்தில் 2025 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் சில காமெடியன்களை அவர்களுடைய சேனல்களிலேயே மன்னிப்பு கேட்கச் சொன்னது. கனடாவில் நேர் எதிராக நடந்தது. உடல் குறைபாட்டோடு பிறந்த ஒரு இளம் பாடகரைப் பெயர் சொல்லிக் கிண்டல் செய்த மைக் வார்டு என்ற காமெடியனை இழப்பீடு தரச் சொல்லியிருந்தது கீழ் அமைப்பு. 2021-ல் கனடா உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. ஜோக் மோசமானதா என்பதல்ல கேள்வி, பாகுபாடு காட்டியதற்கான சட்ட வரம்பை அது தாண்டியதா என்பதே கேள்வி என்பது அங்கே பெரும்பான்மை நீதிபதிகளின் பார்வை.

என்னைக் கேட்டால், இதை போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அங்கே போனால் முதலில் மாட்டுவது அதிகாரத்தில் இருப்பவரைக் கிண்டல் செய்தவராகத்தான் இருப்பார்.

அப்போ எப்படித்தான் ஜோக் அடிக்கிறது?

நம் தெருக்கூத்தில் இதற்கு ஒரு பழைய ஆள் இருக்கிறார்: கட்டியங்காரன். அவர்தான் தமிழ்நாட்டின் ஒரிஜினல் க்ரவுட் வொர்க் கலைஞர். கதையை விட்டு வெளியே வந்து ஜனங்களோடு பேசுவார், முன்னால் உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரிய மனுஷனை வம்புக்கு இழுப்பார், மேடையில் வேஷம் கட்டி நிற்கும் ராஜாவையே "யாருய்யா நீ?" என்பார். அவர் கை நீள்வது பெரும்பாலும் மேல் பக்கமாகத்தான்.

இன்றைய மேடையிலும் நல்ல க்ரவுட் வொர்க்கைப் பார்த்தால் ஒன்று புரியும். பெயரைக் கேட்பார்கள், ஆனால் அங்கேயே நிற்க மாட்டார்கள். "முனியாண்டி, என்ன வேலை பாக்குறீங்க? மேனேஜரா? அப்போ இந்த அரங்கத்துல உங்களைத் திட்டுறதுக்கு எத்தனை பேரு காத்திருக்காங்க?" இங்கே சிரிப்பு மேனேஜர் என்ற பதவியின் மேல் போகிறது. முனியாண்டிக்குப் பதில் சொல்லவும் இடம் இருக்கிறது. கிண்டலை முதலில் தன் மேல் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. பெயர் வாயில் நுழையவில்லை என்றால், "மன்னிச்சிருங்க, எனக்கு வரல, நீங்களே சொல்லிக்கொடுங்க" என்று மைக்கை அவரிடமே கொடுத்துவிட்டால் போதும். ஒரு நிமிஷத்துக்கு ரசிகர் வாத்தியார், காமெடியன் மக்கு மாணவன். சிரிப்பு குறையாது. செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பெயர் மட்டுமே ஜோக் என்றால், உண்மையைச் சொல்லப்போனால், அதில் காமெடியன் செய்த வேலை ஒன்றுமே இல்லை. நாலாம் வகுப்பில் பக்கத்து பெஞ்ச் பையன் செய்ததைத்தான் டிக்கெட் போட்டுச் செய்கிறார்.

உங்கள் க்ளிப் வெளியே வந்துவிட்டால்?

அரங்கில் நடந்ததைவிட இன்றைக்குப் பெரிய தலைவலி அதற்குப் பிறகு வருவதுதான். இருநூறு பேர் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். ரீல்ஸில் லட்சம் பேர் பார்ப்பார்கள், கீழே கமெண்ட் வேறு. அந்த கமெண்ட்டுகளைக் காமெடியன் எழுதவில்லை, ஆனால் படிக்க வேண்டியது நீங்கள்.

டிக்கெட்டிலோ நுழைவாயிலிலோ 'இந்த நிகழ்ச்சி பதிவு செய்யப்படுகிறது' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வீடியோவில் வர விருப்பம் இல்லை என்றால் முன்வரிசையைத் தவிர்ப்பது நல்லது. ஷோ முடிந்ததும் ஏற்பாட்டாளரிடம், "நான் வர்ற பகுதியைப் போடாதீங்க" என்று நேரிலோ மெசேஜிலோ சொல்லிவிடலாம். வெளியான பிறகும் காமெடியனின் பக்கத்துக்கே மெசேஜ் அனுப்பலாம். அதுவும் நடக்கவில்லை என்றால், உங்கள் முகமோ பெயரோ அனுமதி இல்லாமல் வருவதாக யூடியூபில் ப்ரைவசி புகார் கொடுக்க வசதி இருக்கிறது. எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அவர்கள் பரிசீலித்து முடிவு செய்வார்கள்.

மேடையில் இருப்பவர்களுக்கும் இதில் ஈசியான ஒரு வழி உண்டு. க்ளிப் போடும் முன்னால் சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்பது. ஷோ முடிந்து செல்ஃபி எடுக்க வரும்போதே கேட்டுவிடலாம். அரங்கில் சிரித்த அதே ஆள், அப்போது மைக் இல்லாமல், கூட்டம் இல்லாமல் என்ன சொல்கிறார் என்று பார்க்கலாம்.

நான் வந்த அந்தப் பகுதி இதுவரை வீடியோவாக வரவில்லை. வந்திருக்கிறதா என்று இப்போதும் அவ்வப்போது அவர் சேனலைத் திறந்து பார்க்கிறேன்.